நெட்டையம்மாவின் கழுத்து

தூவானமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேட்டுப் பிரிவான மேல்கணக்கில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி இருந்தது, ஒட்டகச்சிவிங்கி வளர்ந்துகொண்டே இருந்தது, பிள்ளைகள் வளரவில்லை. மேல்கணக்குக்காரர்களைக் கேட்டால் இவ்வளவு சுருக்கமாகத்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டு மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. பழகாதவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள். அவள் கரூரிலிருந்து வந்திருந்தாள்.

கோகிலவாணி என்பது அவள் பெயர், சமூகப்பணியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்லூரி, வெளிநாட்டுப் படிப்புப் பயணம் என்று பெயர் வைத்துப் பத்துப் பதினைந்து பேரை இலங்கையின் மலையகத்துக்கு அழைத்துவந்து, வேனில் ஏற்றி, தோட்டத்துக்கு ஒருவராக இறக்கிவிட்டுக்கொண்டே போனது. கடைசித் தோட்டத்தில் கடைசியாக இறங்கியவள் அவள்தான். மூன்று வாரம் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் பாடம் நடத்த வேண்டும், பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து சத்துணவு பற்றி அறிக்கை எழுத வேண்டும், முடிந்தால் போவதற்குள் ஊருக்கு ஏதாவது நன்மை செய்துவிட்டுப் போக வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். கடைசியாகச் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். நல்ல பெண்கள் வந்து இறங்குகிற இடத்தில் ஊர் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் மேல்கணக்கில் அன்றைக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டியவள் அவள்தான்.

கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட்டபடியே பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவளுடைய பையை வாங்கிக்கொண்டாள், ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள், யோகேஸ்வரி என்கிற மெலிந்த பெண் ஒருத்தி அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையையும் புறங்கையையும் சந்தையில் காய் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"பிளேன்லயா டீச்சர் வந்தீங்க, கப்பல்லயா?"

"பிளேன்லதாங்க."

"கடலுக்கு மேலதானே வந்தீங்க?"

"ஆமா, கடலுக்கு மேலதான்."

"அப்ப சரி," என்றாள் யோகேஸ்வரி. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பயணக் களைப்பில் கோகிலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த யோகேஸ்வரியின் லயத்தில், அவளுடைய காம்பராவுக்கு அடுத்த காம்பரா காலியாக இருந்தது, அதில்தான் கோகிலாவைத் தங்கவைத்தார்கள். அந்த லயத்தில் காலிக் காம்பராக்கள் நிறைய இருந்தன.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு நீள மண்டபம்தான், ஐந்து வகுப்புகளையும் கரும்பலகைகளை நிறுத்தி மறைத்துப் பிரித்திருந்தார்கள். மறுநாள் காலை உள்ளே நுழைந்த கோகிலா முதலில் பார்த்தது அந்தக் கழுத்தைத்தான். மூலையில் ஒட்டகச்சிவிங்கியின் உடம்பு இருந்தது, நான்கு கால்களுக்கும் யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கழுத்து மேலே போய், கூரையில் இடித்து, இடித்த இடத்தில் மடங்கி, ஜன்னல்களுக்கு மேலாகவே ஒரு சுவர் முழுக்க ஓடி, மூலையில் திரும்பி, அடுத்த சுவரையும் முடித்து, மறுபடி திரும்பி, வாசற்கதவின் நிலைக்கு மேலே வந்து நின்றிருந்தது. அங்கே தலை இருந்தது, இரண்டு சின்னக் கொம்பு இருந்தது, நீளமான இமைகளுள்ள ஒரு கண் இருந்தது. கண் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யார் சார் வரைஞ்சது? ரொம்ப அழகா இருக்கு," என்றாள் கோகிலா.

"வரஞ்சது கொஞ்சந்தான் மகள்," என்றார் அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரான அதிபர் மெய்யநாதன், சாக்பீஸ் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே. "மிச்சம் அதுவா வளந்தது."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார், சொல்ல ஆரம்பித்தார்.

பல வருஷத்துக்கு முன்னால் குளிர்தேசம் ஒன்றிலிருந்து மாணவர்கள் வந்திருந்தார்கள், கோகிலா வந்ததைப் போலவே, அதே வேலைக்கு. அவர்களில் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி இருந்தாள், எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருப்பாள், அவள்தான் சுவரில் இதை வரைந்தாள், பிள்ளைகளை ஒவ்வொருவராக இதன் வயிற்றோடு ஒட்டி நிறுத்தித் தலைக்கு மேலே நீல வர்ணத்தில் ஒரு கோடு இழுத்தாள், கோட்டுக்குப் பக்கத்தில் பெயரை எழுதினாள், அடுத்த வருஷம் வந்து எவ்வளவு வளர்ந்திருக்கிறீர்கள் என்று பார்ப்பேன் என்றாள், எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதாள், போனாள். அடுத்த வருஷம் வந்தது, அவள் வரவில்லை, பிள்ளைகள் வளரவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. வளர வேண்டிய அளவெல்லாம் கழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தாய்மார்களுக்கு முதலில் அது புரியவில்லை. சப்பாத்து இறுகவில்லையே, சட்டை கட்டையாகவில்லையே, நல்லதாய்ப் போயிற்று என்று இருந்துவிட்டார்கள். பிறகு தோட்டத்து மருந்துக்கடை டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், பூச்சி மருந்துக்குக் கேட்காதபோது கோயில் பூசாரி திருநீறு கொடுத்தார், திருநீற்றுக்கும் கேட்காதபோது கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வளரவில்லை என்பதைத் தவிர அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு காய்ச்சல் தலைவலி கிடையாது. இதற்கிடையில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வராமல் கோடு விழாது தப்பிய மற்றப் பிள்ளைகள் வழக்கம்போல வளர்ந்தார்கள், மீசை வைத்தார்கள், வயசுக்கு வந்தார்கள், கொழும்பில் கடைக்குப் போனார்கள், வீட்டு வேலைக்குப் போனார்கள், கடல் தாண்டி வெயில் தேசங்களுக்குப் போனார்கள். சிலர் பணம் அனுப்பினார்கள், சிலர் போன் பேசினார்கள், சிலர் இரண்டும் இல்லை. லயம் லயமாகக் காம்பராக்கள் பூட்டிக் கிடந்தன. எந்தக் காம்பராவில் அந்திக்கு ஒரு பிள்ளைச் சத்தம் கேட்கிறதோ அது சுவரில் கோடு விழுந்த பிள்ளையின் காம்பராவாக இருந்தது. அதைக் கண்டுகொண்ட அன்றைக்குத்தான் பெண்கள் முதன்முதலாகச் சந்தனக் கிண்ணத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள், ஒட்டகச்சிவிங்கி என்று வாய் நிறையச் சொல்ல முடியாமல் நெட்டையம்மா என்று பேர் வைத்தார்கள்.

அதன் பிறகு வேறொரு தேசத்து மாணவர்கள் வந்து இன்னும் கொஞ்சம் பிள்ளைகளுக்குக் கோடு போட்டார்கள், அந்தப் பிள்ளைகளும் வளராமல் நின்றுபோனார்கள். பிறகு சில வருஷம் யாரும் வரவில்லை. அதிபரே ஒருமுறை பிரஷ்ஷை எடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கோடு போட்டுப் பார்த்தார், பிள்ளைகள் கோட்டைத் தாண்டி வளர்ந்து போய்க்கொண்டே இருந்தார்கள். உள்ளூர்க் கை எடுபடவில்லை. சுப்பையா என்கிற தகப்பன் மட்டும், என் மகன் வளரட்டும் என்று தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் சுவரைச் சுரண்டினான். கோடு அழியவில்லை, மகனுடைய உச்சந்தலையில் இரத்தம் வந்தது. போடவும் கடல் தாண்டிய கை வேண்டும், அழிக்கவும் கடல் தாண்டிய கைதான் வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது.

"மேல இருந்து யாரும் வந்து கேக்கலயா சார்?" என்றாள் கோகிலா.

"கல்விக் கந்தோர்ல இருந்து வருசா வருசம் ஒரு ஐயா வருவார். தலைய எண்ணுவார். எண்ணிக்க சரியா இருந்தா ஸ்கூல் இருக்கும், கொறஞ்சா மூடிருவாங்க. எண்ணிக்க சரியாத்தான் இருக்கு, மகள்."

எத்தனை வருஷமாக அதே தலை என்று பார்ப்பது அந்தக் கல்வி அலுவலக ஐயாவின் வேலை இல்லைபோலும். ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் தமிழ்ப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் மூடியிருந்தது. நதி ஒன்றைப் பற்றிய அந்தப் பாடத்தை ஏற்ற இறக்கம் ஏதுமில்லாமல் ஒரே குரலில் சொல்லி, முடித்து, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் வாயைத் திறக்காமல் கோகிலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுப் பிள்ளையின் முகம், ஆனால் அந்தப் பார்வை பிள்ளைகளுடையது இல்லை. அவள் யோகேஸ்வரியின் மகள் கிருஷாந்தி.

கோகிலா ஓடியிருக்கலாம். அந்த வயசில் யாரும் ஓடுவதில்லை. ஒரு வாரத்துக்குள் அவளும் நெட்டையம்மாவுக்குக் கீழே நின்று பெருக்கல் வாய்ப்பாடு நடத்தினாள், தலைக்கு மேலே கழுத்து புதிதாக வளர்ந்து வர்ணம் ஈரமாக மின்னுகிறதா என்று பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள். மனுஷர் எதற்குத்தான் பழகவில்லை.

ஆனால் பழகாத விஷயங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, வாசலுக்கு எதிரே இருந்த தேயிலை. நெட்டையம்மாவின் கண் விழுந்த அந்தச் சரிவில் மட்டும் செடிகள் சாகவும் இல்லை, துளிர்க்கவும் இல்லை, ஒரு கொழுந்துகூட வராமல் கரும்பச்சையாக நின்றன. கங்காணி பெண்களைப் பக்கத்து மலைக்கு மாற்றிவிட்டிருந்தார், தோட்டத்தில் புதிதாக யாரையும் வேலைக்குப் பதியவில்லை. இன்னொன்று, முதலாம் வகுப்பு. கோடு விழாத, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற சின்னஞ்சிறுசுகள் அவர்கள், அவர்களுக்குக் கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது. அறிக்கைக்காக எடை பார்த்தபோது கோகிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காரணத்தை அவள் யோகேஸ்வரியின் அடுப்படியில்தான் தெரிந்துகொண்டாள்.

யோகேஸ்வரி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கோகிலாவுக்கு மூன்று வைத்தாள், கிருஷாந்திக்கு இரண்டு வைத்தாள், முதலாம் வகுப்புப் படிக்கிற சின்னவள் மதுஷாவுக்கு அரை ரொட்டியைப் பிய்த்து வைத்தாள். மதுஷா தட்டை நக்கிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு இன்னொண்ணு குடுங்கக்கா, பாவம்," என்றாள் கோகிலா.

"வேணாம் டீச்சர். போன மாசத்துக்கு இந்த மாசம் வளந்துட்டா," என்றாள் யோகேஸ்வரி, திட்டுவதைப் போல. "நீங்க கோடு போடுற வரைக்குந்தான். போட்டுட்டீங்கன்னா அப்புறம் வயிறாரத் திங்கட்டும், யாரு வேணாங்குறா? நானும் ஒரு தாய்தானே."

கோகிலா கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"நெட்டையம்மாவோட தலை வாசலைத் தாண்டி வெளிய வந்துட்டா என்னக்கா பண்ணுவீங்க? மலை பூரா கொழுந்து வராமப் போயிடுமே?"

யோகேஸ்வரி யோசிக்கவே இல்லை. "கொழுந்து வராட்டி வேற தோட்டத்துக்குப் போவோம். புள்ள போயிட்டா எந்தத் தோட்டத்துல போய்த் தேடுறது?"

அவளுக்கு மூத்த மகள் ஒருத்தி இருந்தாள், சரோஜினி என்று பேர். கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்க்கப் போனவள் பெட்டியில் திரும்பி வந்தாள், பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். யோகேஸ்வரி அதை அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள், அழவில்லை, சொல்லி முடித்துவிட்டு மதுஷாவின் தலையில் கையை வைத்து அழுத்தினாள். கோகிலாவுக்கு அவள்மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடு இரக்கமும் வந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெண்கள் அவளை வற்புறுத்தவில்லை. ஒரு நாள் நீல வர்ண டின்னைக் கொண்டுவந்து காட்டினார்கள். அந்தச் செம்பட்டை முடிக்காரி விட்டுப்போன டின்தான், காய்ந்துபோகாமல் இத்தனை வருஷமும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கிக் காப்பாற்றியிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் கோகிலா. யோசியுங்க டீச்சர், அவசரமில்லை என்றார்கள். அதற்குப் பிறகு தினமும் ஒரு வீட்டிலிருந்து அவளுக்குச் சாப்பாடு வந்தது, கோழிக்கறி வந்தது, பால் வந்தது, அவள் போகிற பாதையில் யாரோ முள்ளை வெட்டி வைத்திருந்தார்கள், அவள் குளித்து உலர்த்திய துணியை யாரோ மடித்து வைத்திருந்தார்கள். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையைப் பார்த்தார்கள். ஒருவர் அதட்டியிருந்தால்கூட அவள் திருப்பி அதட்டியிருப்பாள். யாரும் அதட்டவில்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் ஒரு நாள் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கிருஷாந்தி குடத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, என் கோட்ட அழிச்சிருங்க."

கோகிலா நிமிர்ந்தாள். "அழிச்சா என்ன ஆகும்?"

"தெரியாது. இப்பிடியே இருந்தா என்ன ஆகும்னு தெரியும்." குடம் நிரம்பி வழிந்தது, அவள் அதை நகர்த்தவில்லை. "நான் ஸ்கொலர்சிப் பாஸ் பண்ணுனேன் அக்கா. டவுன் ஸ்கூல்ல எடம் கெடச்சுது. பையெல்லாம் வாங்கிட்டாங்க. அப்பத்தான் ரெண்டாவதா வந்தவங்க கோடு போட்டாங்க. வளராத புள்ளய டவுனுக்கு அனுப்புனா நாலு பேரு பாப்பாங்கன்னு அம்மா அனுப்பல. ஆறாம் வகுப்புப் புத்தகம் எப்பிடி இருக்கும்னு நான் இன்னும் பாத்ததே இல்ல."

"அம்மாகிட்டக் கேட்டியா?"

"அம்மாகிட்டக் கேட்டா நீங்க ஊருக்குப் போற வரைக்கும் என்னைய காம்பராவுல வச்சுப் பூட்டிரும்."

அந்த இடத்தில் கோகிலாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்காகத்தான் வந்திருக்கிறேன், இதுதான் நான் செய்துவிட்டுப் போக வேண்டிய நன்மை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நியாயமான ஆசைதான் அந்தப் பிள்ளையுடையது, அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அவள் அதிபரைக் கேட்கவில்லை, யோகேஸ்வரியைக் கேட்கவில்லை, அழித்த பிறகு நாளைக்கு என்ன என்று தன்னையே கூடக் கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் கேள்வி கேட்பதில்லை.

வேன் வருவதற்கு முந்தின நாள், பெண்கள் மலைக்குப் போன பிறகு, அதிபர் மத்தியானச் சாப்பாட்டுச் சாமானுக்காகக் கீழே இறங்கியிருந்த நேரத்தில், கோகிலா ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்தாள். கிருஷாந்தி தன் கோட்டுக்குக் கீழே போய்க் குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்றாள், கண்ணை மூடிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் நதிப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துணி பட்டதும் நீலம் கரைந்து வழிந்தது, முதலில் பெயர் போயிற்று, பிறகு கோடு போயிற்று.

முதலில் அவளுடைய விரல்கள் நீண்டன. பிறகு மணிக்கட்டு சட்டைக் கையைவிட்டு வெளியே வந்தது, முழங்கால் பாவாடைக்கு வெளியே வந்தது, பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்துப் பெஞ்சுக்கு அடியில் உருண்டன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள், முனகலின் பாதியில் குரல் மாறியது, எலும்புகள் நீளுகிற சத்தம் மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது, வர வேண்டிய வருஷமெல்லாம் ஒரே காலைப்பொழுதில் வந்து அவளுக்குள் இறங்கியது, வயசுக்கு வருகிற வலியும் அதிலேயே வந்துபோனது. கோகிலா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மேலே நெட்டையம்மாவின் கழுத்து சுவரோடு உரசிப் பின்னுக்கு வந்தது, ஒரு முழத்துக்குக் குறையாது, தலை வாசல் நிலையிலிருந்து விலகிக் கரும்பலகைக்கு மேலே வந்து நின்றது. கண் இப்போது உள்ளே பார்த்தது.

எல்லாம் அடங்கியபோது கோகிலாவின் உயரத்துக்கு ஒரு பெண் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். கோகிலா ஓடிப்போய்த் தன்னுடைய பச்சைச் சுடிதாரை எடுத்துவந்து அவளுக்கு உடுத்திவிட்டாள். கிருஷாந்தி ஜன்னலோரம் போனாள். இதற்கு முன் அந்த ஜன்னலுக்கு அவள் எட்டியதில்லை, இப்போது நேராக நின்று வெளியே பார்த்தாள், பார்த்துச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை அந்த மண்டபத்தில் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. நதிப் பாடம் ஒரு கணம் நின்றது, பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள், மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அரிசிப் பையோடு உள்ளே வந்த அதிபர், பையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சேர், டவுன் ஸ்கூலுக்கு நான் எப்ப போகலாம்?" என்று கேட்டாள் கிருஷாந்தி.

அவர் கோகிலாவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "மகள், ஆறாம் வகுப்புக்கு அங்க பதினொரு வயசுப் புள்ளயளத்தான் எடுப்பாங்க."

"நான் அஞ்சாம் வகுப்புத்தானே சேர் முடிச்சிருக்கேன்?"

"ஓம் மகள்."

"அப்ப ஆறுதானே படிக்கணும்?"

அதிபர் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்த கையால் முகத்தைத் துடைத்தார், முகமெல்லாம் வெள்ளையாயிற்று. கோகிலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அழித்தால் வருஷங்கள் திரும்பக் கிடைக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். உயரம் கிடைத்தது, வயது கிடைத்தது, அந்த வருஷங்களில் படித்திருக்க வேண்டியதில் ஓர் எழுத்துக்கூடக் கிடைக்கவில்லை.

யாரோ போய்ச் சொல்லி, யோகேஸ்வரி கூடையோடு ஓடிவந்தாள். வாசலில் நின்று ஜன்னலோரம் இருந்த பெண்ணைப் பார்த்தாள், கூடை நழுவிக் கொழுந்தெல்லாம் படியில் சிந்தியது. "சரோஜினி," என்றாள். வளர்ந்த பிறகு கிருஷாந்திக்கு அக்காவின் முகமே அச்சாக வந்திருந்தது. "அம்மா, நாந்தாம்மா," என்று கிருஷாந்தி சொல்லச் சொல்ல, தாய் அவளுடைய கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். கோகிலாவை அவள் ஏசவில்லை. அந்திக்கு வழக்கம்போலத் தேத்தண்ணிகூடக் கொண்டுவந்து வைத்தாள், கையைத்தான் பார்க்கவில்லை.

இந்தச் செய்தி சந்திக் கடை வரைக்கும் போயிருந்தது. பொழுது சாய்வதற்குள் வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்சிக்காரர் ஏறி வந்துவிட்டார், வெள்ளைச் சட்டை, கையில் மஸ்கெட் இனிப்புப் பொட்டலம். யோகேஸ்வரியின் காம்பரா வாசலில் நின்று கிருஷாந்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயசு என்ன மகள்?"

"தெரியாது."

"பதினெட்டுத் தாண்டிருச்சு, அது போதும். என்ன படிச்சிருக்க?"

"அஞ்சு."

"அது இன்னும் நல்லது," என்றார் அவர். "கொழும்புல பெரிய வீடு. சமைக்கணும், புள்ளய பாக்கணும், அவ்வளவுதான்."

கங்காணி புதிதாக யாரையும் பதிய மாட்டார், கொழுந்து வராத மலைக்கு ஆள் எதற்கு. கிருஷாந்தி அம்மாவைப் பார்த்தாள், அம்மா தரையைப் பார்த்தாள். சரி என்று அவள் தலையை அசைத்தாள். நாளைக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு அவர் இறங்கிப்போனார்.

"போகாத," என்றாள் கோகிலா, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. "பெரியவங்க படிக்கிற இடம் ஏதாவது இருக்கும். நான் விசாரிக்கிறேன், யார்கிட்டயாவது பேசுறேன்."

"நீங்க நாளைக்குப் போயிருவீங்கதானே அக்கா," என்றாள் கிருஷாந்தி. குற்றம் சொல்வதைப் போல இல்லை, உள்ளதைச் சொன்னாள். கோகிலா பிடித்திருந்த கைகளை விட்டாள்.

மறுநாள் காலை மூடுபனி விலகியபோது பெண்கள் யாரும் மலைக்குப் போயிருக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து படி வழியாக ரோட்டு வரைக்கும் வரிசையாக நின்றிருந்தார்கள், ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் கையிலும் முதலாம் வகுப்புப் பிள்ளைகள், அதற்கும் சின்னதுகள், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, திருநாளுக்கு உடுத்துகிற சட்டையோடு. கோகிலா பையைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையைக் கடந்து மேலே போனாள். ஒரு தாயாவது வழியை மறிப்பாள் என்று எதிர்பார்த்தாள், எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தருக்கும் கோடு போடுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதிபரிடம் சொல்லிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்றுதான் போனாள்.

உள்ளே நெட்டையம்மாவின் வயிற்றுக்கு நேரே கிருஷாந்தி நின்றிருந்தாள். அதே பச்சைச் சுடிதார், காலடியில் துணிப்பை, கையில் நீல வர்ண டின். தங்கை மதுஷாவைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தாள்.

"போடுங்க அக்கா."

"நீயா கிருஷாந்தி? நீயா கேக்குற?" என்றாள் கோகிலா. "நீதான வேணாம்னு அழிக்கச் சொன்ன?"

"எனக்குத்தான் வேணாம்னு சொன்னேன். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது." அவள் பிரஷ்ஷை டின்னில் தோய்த்து, விளிம்பில் வழித்து, கைப்பிடியைக் கோகிலாவின் பக்கம் நீட்டினாள். "நேத்து அந்த ஆளு என்னப் பாத்துட்டு, பக்கத்துல நின்ன இவளையும் பாத்தான் அக்கா. இவ எவ்வளவு ஒசரம்னு பாத்தான்."

கீழே ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வண்டியும் வந்து நின்றது, வெள்ளைச் சட்டைக்காரருடையது. கோகிலா பிரஷ்ஷைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், படியில் நின்ற தாய்மார்களைப் பார்த்தாள், அவர்களுக்கு நடுவில் நின்ற யோகேஸ்வரியைப் பார்த்தாள். ஓடிப்போய் வேனில் ஏறிக்கொள்ள அவளால் முடியும், யாரும் தடுக்கப்போவதில்லை. ஏறிவிட்டால் இந்தப் பிள்ளை வளரும். அரை ரொட்டி தின்று தின்று வளரும்.

மதுஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கோகிலா பிரஷ்ஷை வாங்கினாள்.

"கை நடுங்காமப் போடுங்க," என்றாள் கிருஷாந்தி மெல்ல. "கோணலா விழுந்தா புள்ளக்கிக் கழுத்து வலிக்கும்."

அவள் கை நடுங்காமல் போட்டாள். கோட்டுக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதினாள். கரும்பலகைக்கு மேலே நின்றிருந்த தலை, சுவரில் மெதுவாக உரசிக்கொண்டு, விரற்கடை அளவு வாசலை நோக்கி நகர்ந்தது.

"முடிஞ்சுதா?" என்று மதுஷா கண்ணைத் திறந்தாள். "அக்கா, நான் இனிமே பெரிய புள்ளயாவேனா?"

"ஆக மாட்டடி தங்கம்," என்று கிருஷாந்தி அவளைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். "நீ ஆகவே மாட்ட." மதுஷாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை, கலகலவென்று சிரித்தாள். கிருஷாந்தி அவளை இறக்கிவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

பேராசிரியர் வாசலுக்கே வந்துவிட்டார். வரிசையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, தன் மாணவியின் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று, போனை எடுத்து நாலைந்து படம் எடுத்தார். "அருமையான வேலைம்மா. முடிச்சுட்டே வா, நாங்க காத்திருக்கோம்," என்றார்.

கோகிலா பிரஷ்ஷை மறுபடியும் டின்னில் தோய்த்தாள். அடுத்த பிள்ளை வந்து குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்றது.